டீசல் பிக்கப் இருந்தால் எந்த டிரெய்லரையும் இழுத்துவிடலாமா?

ஏப்ரல் 5, கேள்வி

முக்கால் டன் வகை டீசல் பிக்கப் வாங்கியாயிற்று. கையேட்டில் இழுப்புத் திறன் 14,800 பவுண்டு என்று போட்டிருக்கிறது. நாங்கள் ஐந்து பேர். 9,000 பவுண்டில், வீடு மாதிரி உள்ளே தங்கக்கூடிய ஒரு டிராவல் டிரெய்லர் பார்த்து வைத்திருக்கிறோம், சீக்கிரம் முன்பணம் கொடுக்க வேண்டும். டீசல்தானே, இதற்கெல்லாம் யோசிக்க வேண்டுமா? இழுத்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

ஏப்ரல் 5, இரவு 10.40

இழுக்கும். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, கதவு வந்து மூடும் தூணைப் பாருங்கள். மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஏறும் ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் போட்டிருப்பார்கள். அதுதான் உங்கள் வண்டியின் பேலோட். 14,800ஐ மறந்துவிட்டு அந்த எண்ணை இங்கே போடுங்கள்.

ஏப்ரல் 6

நேற்று தூக்கக் கலக்கத்தில் சுருக்கமாக எழுதிவிட்டேன். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இன்றைய பெரிய டீசல்களின் முறுக்குவிசையைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். ஃபோர்டின் 6.7 லிட்டர் எஞ்சினில் கூடுதல் திறன் வகை 1,200 பவுண்டு-அடி தருகிறது. ராம் பிக்கப்பின் கம்மின்ஸ், செவர்லேயின் டியூராமேக்ஸ் எஞ்சின்கள் இரண்டும் 1,000ஐ ஒட்டி. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஏற்றும் டர்போ இருப்பதால் மலைமேல் காற்று மெலிந்தாலும் பெரிதாகத் தளராது. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமார் 3 சதவீதம் சக்தியை இழக்கும். 11,000 அடி ஏறினால் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விடும். ஆக, இழுப்பது டீசலுக்குக் கைவந்த கலை.

சுமப்பது வேறு விஷயம். டீசல் எஞ்சினே பெட்ரோல் எஞ்சினைவிடப் பல நூறு பவுண்டு கூடுதல் எடை. வண்டியின் மொத்த எடைக்கு உச்சவரம்பு ஒன்றுதான் என்னும்போது, எஞ்சின் தின்ற எடை உங்கள் பேலோடில்தான் கழியும். தோல் இருக்கை, கண்ணாடிக் கூரை என்று அலங்காரம் ஏற ஏற இன்னும் குறையும். மயிலிறகு வண்டி கதைதான். ஒவ்வொன்றும் லேசு, சேர்ந்தால் அச்சுக்குத்தான் தெரியும்.

என் வண்டியின் கணக்கு இது. மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டு, ஸ்டிக்கரில் பேலோட் 2,150. நாங்கள் நாலு பேர் 560. சரக்கு ஏற்றும் பின்தொட்டியின் மேல்மூடி 180. தொட்டிக்குள் ஜெனரேட்டர், சைக்கிள்கள், கருவிகள் 350. டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் 95. டிரெய்லரின் முன்நுனி பிக்கப்பின்மேல் அழுத்தும் மூக்கு எடை, தயாரிப்பாளர் ஏட்டின்படி 720. கூட்டினால் 1,905. இன்னும் 245 பவுண்டு மிச்சம். நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 6, அரை மணி கழித்து

டிரெய்லருக்குத்தான் சொந்தச் சக்கரம் இருக்கிறதே, அதன் எடை ஏன் பிக்கப்பின் கணக்கில் வருகிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. இதைப் பற்றித்தான் யாருமே பேசுவதில்லை.

மாட்டுவண்டியில் முன்பாரம், பின்பாரம் என்று சொல்வதை நினைத்துக்கொள்ளுங்கள். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் கூடினால் நுகம் மேலே தூக்கும், வண்டி சொன்ன பேச்சு கேட்காது. டிரெய்லரும் அப்படியேதான். அதன் எடையில் ஒரு பங்கு எப்போதும் ஹிட்ச் பந்தின்மேல் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். டங் வெயிட் என்பார்கள், நான் மூக்கு எடை என்றே எழுதுகிறேன். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். அந்தப் பாரத்தைச் சுமப்பது பிக்கப்பின் முதுகு. அதனால்தான் அது பேலோடில் சேர்கிறது.

ஏப்ரல் 9

மேலே நான் போட்ட கணக்கு தப்பு. கேட்டவர் அதை நம்பிவிடக் கூடாது என்பதால் அழிக்காமல் அப்படியே விட்டு, கீழே திருத்துகிறேன்.

720 என்பது ஏட்டில் உள்ள எண். தொழிற்சாலையைவிட்டு வெளியே வரும்போது இருந்த எடை அது. அதில் பேட்டரி இல்லை, காஸ் சிலிண்டரில் காஸ் இல்லை, தொட்டியில் தண்ணீர் இல்லை, ஒரு கரண்டிகூட இல்லை. பேட்டரியும் சிலிண்டர்களும் இருப்பது மூக்கின்மேலேயே. நாம் அடுக்கும் சாமான்களுக்கான பெரிய அறையும் முன்பக்கம்தான். இதெல்லாம் தெரிந்தும் அந்த எண்ணையே எடுத்துப் போட்டிருக்கிறேன்.

எழுதிய பிறகு மனது கேட்கவில்லை. நேற்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, குடும்பத்தோடு லாரிகள் நிற்கும் இடத்திலிருக்கும் கேட் ஸ்கேல் (CAT Scale) நிறுவன எடைமேடைக்குப் போனேன். மேடை மூன்று துண்டாக இருக்கும். முன்சக்கரம் முதல் துண்டில், பின்சக்கரம் இரண்டாவதில், டிரெய்லரின் சக்கரங்கள் மூன்றாவதில் நிற்கும்படி நிறுத்த வேண்டும். இறங்கிப் பார்த்தே நிறுத்தினேன், பின்னால் இரண்டு லாரிகள் பொறுமையாகக் காத்திருந்தன. அழைப்புப் பொத்தானை அழுத்தினால் உள்ளிருந்து பேசுவார்கள், முடிந்ததும் சீட்டு வாங்கிக்கொள்ளலாம்.

ஹிட்ச்சில் விழும் எடையை மற்ற சக்கரங்களுக்கும் பகிரும் ஸ்பிரிங் கம்பிகளைக் கழற்றிவிட்டு எடுத்த சீட்டில் முன்அச்சு 4,280, பின்அச்சு 5,840, டிரெய்லர் அச்சு 7,040. பிறகு டிரெய்லரைக் கழற்றி ஓரமாக நிறுத்திவிட்டுப் பிக்கப்பை மட்டும் எடை போட்டேன். முன் 4,720, பின் 4,320. மொத்தம் 9,040.

இப்போது கழித்துப் பாருங்கள். டிரெய்லரோடு பிக்கப் 10,120. தனியாக 9,040. வித்தியாசம் 1,080. அதுதான் நிஜமான மூக்கு எடை. 720 அல்ல, 1,080. டிரெய்லரின் மொத்த எடை 8,120 என்பதால் இது 13 சதவீதத்துக்குச் சற்று மேல். நல்ல விகிதம்தான், டிரெய்லரின்மேல் குற்றமில்லை. ஆனால் என் பிக்கப் வரம்பைவிட 120 பவுண்டு அதிகம் சுமந்துகொண்டிருந்தது. இழுப்புத் திறனின் எல்லையை நான் நெருங்கவே இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இரண்டு வருடமாக இப்படியே ஓட்டியிருக்கிறேன். பிள்ளைகள் பின்னால் உட்கார்ந்திருக்க.

ஏப்ரல் 9, இரவு

ஒன்று விட்டுப்போயிற்று. எடை போடும்போது தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருந்தது. 50 கேலன், கேலனுக்கு 8.34 பவுண்டு, ஆக 417 பவுண்டு. தொட்டி எங்கே இருக்கிறது என்பது வண்டிக்கு வண்டி மாறும். எங்களுடையதில் அச்சுக்குச் சற்று முன்னால். அதனால் நிரப்பினால் மூக்கு எடை கூடும். அச்சுக்குப் பின்னால் தொட்டி இருப்பவர்களுக்கு நிரப்பினால் குறையும். உங்களுடையது எங்கே என்று குனிந்து பார்த்துவிடுங்கள்.

ஏப்ரல் 12

ஸ்பிரிங் கம்பிகளை மாட்டி இறுக்கிய பிறகு எடுத்த சீட்டு எங்கே என்று ஒருவர் கேட்டார். எடுத்தேன், எழுதாமல் விட்டுவிட்டேன். முன் 4,500, பின் 5,460, டிரெய்லர் 7,200. அப்படியென்றால் பிக்கப் 9,960தான், வரம்புக்குள்தானே என்கிறார் அவர். சரிதான். அவர் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன்.

எடை பகிரும் ஹிட்ச்சின் வேலையே அது. ஹிட்ச் பிக்கப்பின் வால் நுனியில் அழுத்தும்போது சீசா பலகை மாதிரி முன்பக்கம் தூக்கிக்கொள்கிறது. என் முன்அச்சு 4,720லிருந்து 4,280க்கு இறங்கியது அதனால்தான். திருப்பும் சக்கரமும் பெரும்பங்கு பிரேக் பிடிக்கும் சக்கரமும் அவைதான், அங்கே எடை குறைவது நல்லதல்ல. கம்பிகளை இறுக்கினால் இழந்த 440ல் பாதி முன்னால் திரும்பி வருகிறது, 160 பவுண்டு டிரெய்லரின் சக்கரங்களுக்குப் போய்விடுகிறது. முன்சக்கர வளைவின் உயரத்தை டிரெய்லர் மாட்டும் முன்பும் மாட்டிய பின்பும் அளந்தாலே இது தெரியும். எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதை அவரவர் வண்டிக் கையேடு சொல்லும்.

ஆனால் வெறும் 40 பவுண்டு இடைவெளியில் ஓட்ட எனக்கு விருப்பமில்லை. இரண்டு நாற்காலியும் ஒரு விறகுக்கட்டும் ஏற்றினால் தீர்ந்தது. பிக்கப்பில் ஹிட்ச்சைச் செருகும் ரிசீவரிலும் ஒரு ஸ்டிக்கர் உண்டு, கம்பி இருந்தால் எவ்வளவு, இல்லாவிட்டால் எவ்வளவு என்று. அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 21

சைக்கிள்களைப் பிக்கப் தொட்டியிலிருந்து எடுத்து டிரெய்லரின் பின்னால் ஒரு தாங்கியில் மாட்டிவிட்டேன். முன்அறையில் இருந்த கருவிப் பெட்டிகளைப் பின்பக்கக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். தண்ணீர் மூன்றில் ஒரு பங்குதான். பிக்கப்பின் பின்பக்கம் கண்ணுக்குத் தெரியவே உயர்ந்திருக்கிறது. மூக்கு எடை எப்படியும் 850க்கு வந்திருக்கும். இந்தப் பிரச்சினை முடிந்தது.

மே 4

முடியவில்லை. ஏப்ரல் 21 குறிப்பைப் படித்துவிட்டு யாராவது அதேபோல் செய்துவிடாதீர்கள், தயவுசெய்து.

இன்று மதியம் நடந்தது. இரண்டு தடம், லேசான இறக்கம், 64 மைல் வேகம். இடதுபக்கம் ஒரு பெரிய லாரி கடந்து போயிற்று. லாரி கடக்கும்போது முதலில் காற்று நம்மை வெளியே தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். அது வழக்கம்தான். இந்த முறை அந்த இழுப்பு நிற்கவில்லை. ஸ்டியரிங் கையில் லேசாகிவிட்டது. பக்கக் கண்ணாடியில் டிரெய்லரின் பின்மூலை வெளியே வந்தது, மறைந்தது, மறுபக்கக் கண்ணாடியில் வந்தது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அதிகமாக. பின்இருக்கையிலிருந்து சின்னவள், “அப்பா, வீடு வாலாட்டுது” என்றாள்.

என் கால் பிரேக் பெடலுக்குப் போனது. அதை மிதிக்காமல் இருந்ததுதான் நான் செய்த ஒரே சரியான காரியம். பெடலை மிதித்தால் பிக்கப் வேகம் குறையும், பின்னால் 8,000 பவுண்டு முட்டித் தள்ளும், ஆட்டம் இன்னும் பெரிதாகும். ஆக்சிலரேட்டரை மெதுவாக விட்டேன். ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பாமல் நேராகப் பிடித்துக்கொண்டேன். டாஷ்போர்டில் பிரேக் கன்ட்ரோலரில் இரண்டு விரலால் அழுத்தும் பிடி ஒன்று உண்டு, டிரெய்லரின் பிரேக்கை மட்டும் பிடிக்கும். அதை அழுத்தினேன். டிரெய்லர் பின்னாலிருந்து பிக்கப்பைப் பிடித்து இழுத்தது, கயிற்றைச் சுண்டி இழுத்ததுபோல. எல்லாம் ஒரே கோட்டில் வந்து நின்றது.

மொத்தம் ஐந்தாறு விநாடிதான் இருக்கும். ஓரம்கட்டி நிறுத்தினேன். மனைவி ஒன்றும் பேசாமல் என் தோளில் கைவைத்தாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் இறங்கவே இல்லை.

மே 5

காலையில் மூக்குக்கு அடியில் வைக்கும் தராசு வாங்கி வந்து அளந்தேன். 590 பவுண்டு. டிரெய்லர் இப்போது 8,050 இருக்கும், அப்படியென்றால் 7 சதவீதம் சொச்சம். 850 என்று நினைத்தது குத்துமதிப்பு. அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் வைக்கிறோமோ அவ்வளவு நெம்புகோல் பலம் என்பதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. முன்அறையிலிருந்து பின்னால் போன 200 பவுண்டு கருவி மூக்கிலிருந்து 200ஐ மட்டும் எடுக்காது, அதைவிட அதிகமாக எடுக்கும். வால் நுனியில் தொங்கும் சைக்கிள்களும் அப்படித்தான். அத்தோடு, ஆட ஆரம்பித்தால் நுனியில் இருக்கும் எடை ஊசல் குண்டு மாதிரி ஆட்டத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

பாரம் அதிகமாகிவிட்டதா, பாரத்தைக் குறைக்க வேண்டும். பின்னால் தள்ளினால் குறைந்ததாக ஆகாது. ஜெனரேட்டரை வீட்டில் விட்டுவிட்டேன், இரண்டு சைக்கிளையும். கருவிகளில் பாதியை எடுத்துப் பார்த்தால் இரண்டு வருடத்தில் ஒருமுறைகூடத் தொடாதவை. மீதியை டிரெய்லரின் அச்சுக்கு மேலேயே வைத்தேன். திரும்ப அளந்தால் 940. அதற்கேற்பக் கம்பிகளின் இறுக்கத்தையும் மாற்ற வேண்டியிருந்தது.

மே 5, மாலை

ஆட்டத்தைத் தடுக்கும் உராய்வு அமைப்பு என் ஹிட்ச்சில் இல்லையா என்று கேட்கிறார்கள். இருக்கிறது. அது சின்ன ஆட்டத்தைக் கொல்லும். தப்பாக ஏற்றிய பாரத்தை அது சரிசெய்யாது.

மே 11

பிரேக் கன்ட்ரோலரை எப்படி அமைப்பது என்று தனித்தனியாக மூன்று பேர் கேட்டதால் எல்லோருக்கும் சேர்த்து இங்கே. ஆளில்லாத, காய்ந்த, சமதளமான தார் தரை வேண்டும். 20, 25 மைல் வேகத்தில் போய்க்கொண்டே அந்தப் பிடியை மட்டும் முழுதாக அழுத்துங்கள். டிரெய்லர் உறுதியாகப் பிடித்து நிறுத்த வேண்டும், ஆனால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கக் கூடாது. பூட்டினால் அளவைக் குறைத்துவிடுங்கள், தளர்வாக இருந்தால் கூட்டுங்கள். தண்ணீர் நிரம்பியபோது ஓர் அளவு, காலியாக வரும்போது வேறு அளவு. நான் ஒவ்வொரு பயணத்திலும் கிளம்பிய முதல் பத்து நிமிடத்தில் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிடுகிறேன்.

டிரெய்லர் பிரேக்கே வேலை செய்யாமல் சிலர் மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள். டீசல் பிக்கப் கனமானது, அதன் பிரேக்கே சமாளித்துவிடும், குறை வெளியே தெரியாது.

மே 11, சற்று விலகி

டெஃப் திரவம் பற்றிக் கேட்டவருக்கு: அது 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்தமான தண்ணீர். புகையிலிருக்கும் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைப்பதற்காகப் புகைக்குழாயில் தெளிக்கப்படுகிறது. டிரெய்லர் இழுக்கும்போது டீசல் செலவு கூடுவதைப்போல் இதுவும் கூடும், கவலைப்பட ஒன்றுமில்லை. நீல மூடிதான் அதற்கு. டீசல் தொட்டியில் தவறி ஊற்றிவிட்டால் எஞ்சினை இயக்கவே கூடாது. சாவியைக்கூடப் போடாமல் இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

புகைவடிகட்டி தன்னையே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும்போது புகைக்குழாய் கடும் சூடாகும். முகாமுக்குப் போய் காய்ந்த புல்லில் வண்டியை நிறுத்துவதற்கு முன் அது ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் நெடுஞ்சாலையில் பாரத்தோடு போகும்போதே வேலையை முடித்துவிடும். சும்மா கடைக்குப் போய்வரும் டீசலைவிட டிரெய்லர் இழுக்கும் டீசலின் வடிகட்டி சுத்தமாக இருப்பது இதனால்தான்.

ஜூன் 15

கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலையின் ஐசன்ஹவர் சுரங்கம் வழியாக நேற்று மேற்கே போனோம். சுரங்கம் இருப்பது கடல் மட்டத்திலிருந்து 11,158 அடி உயரத்தில். ஏறுவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. குளிர்விக்கும் விசிறி விமானம் மாதிரி இரைந்தது, 50 மைல் வேகத்தில் ஏறிவிட்டது. பக்கத்தில் ஒரு பெட்ரோல் பிக்கப் எங்களுடையதைவிடச் சின்ன டிரெய்லரோடு திணறிக்கொண்டிருந்தது.

நான் எழுத வந்தது இறக்கத்தைப் பற்றி. சுரங்கத்தைவிட்டு வெளியே வந்ததும் சில்வர்தோர்ன் வரை சுமார் 8 மைல், 7 சதவீதம் வரை சரிவு. இங்கே கொஞ்சம் கணக்குப் போடலாம். நானும் டிரெய்லருமாகச் சேர்ந்து 17,000 பவுண்டு. 45 மைல் வேகத்தில் 7 சதவீதச் சரிவில் இறங்கினால் பூமி நம்மை 140 குதிரைசக்திக்குமேல் கொடுத்துத் தள்ளுகிறது. காற்றும் டயர் உராய்வும் கொஞ்சம் தின்றுவிடும். என் கணக்கில் 90 குதிரைசக்தி மிஞ்சுகிறது. அதைப் பத்து நிமிடத்துக்குமேல் யாராவது வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். பிரேக் வாங்கினால் அத்தனையும் சூடாகி, ஒரு கட்டத்தில் பெடல் பஞ்சுபோல் ஆகிவிடும்.

இதற்குமுன் வைத்திருந்த பழைய டீசலில் எக்ஸாஸ்ட் பிரேக் கிடையாது. இதே இறக்கத்தில் அதை ஓட்டியிருக்கிறேன். பெட்ரோல் எஞ்சினில் காலை எடுத்தால் காற்று நுழையும் வழி அடைபட்டு எஞ்சின் தானே பிடித்து இழுக்கும். டீசலில் அந்த அடைப்பு கிடையாது, காலை எடுத்தால் சும்மா உருளும். பாதி வழியில் கருகிய வாடை வந்தது, யார் வண்டியோ என்று நினைத்தேன். கீழே நிறுத்தி வெப்பமானியைக் காட்டினால் முன்பிரேக் டிஸ்க் 450 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காட்டியது.

நேற்று சுரங்கத்துக்குள்ளேயே வேகத்தைக் குறைத்துக்கொண்டேன். பாரம் இழுக்கும்போது அதற்கேற்பக் கியர் மாற்றும் டோ-ஹால் முறை, எக்ஸாஸ்ட் பிரேக் இரண்டையும் போட்டேன். டர்போவுக்குள் இருக்கும் சிறு இதழ்கள் மூடிக்கொண்டு புகை போகும் வழியை நெருக்கும், எஞ்சின் தன் மூச்சையே எதிர்த்துத் தள்ள வேண்டிவரும். கரகரத்த குரலில் ஒரு முனகல் கேட்கும். வண்டி நாலாவது கியருக்கு இறங்கி 45லேயே நின்றது. எட்டு மைலில் நான் பெடலை மிதித்தது மூன்றே முறை. மிதித்தபோது ஒரே உறுதியாக 40 வரை இறக்கிவிட்டுக் காலை எடுத்தேன், தேய்த்துக்கொண்டே வரவில்லை. கீழே டிஸ்க் 210 டிகிரி, டிரெய்லர் டிரம் 140.

டீசல் வாங்குவதற்கு என்னிடம் ஒரே காரணம் கேட்டால் இனி இதைத்தான் சொல்வேன். முறுக்குவிசையைச் சொல்ல மாட்டேன்.

ஜூன் 16

நேற்று உற்சாகத்தில் ஒரு எச்சரிக்கையை விட்டுவிட்டேன். எக்ஸாஸ்ட் பிரேக் பிடிப்பது எஞ்சின் ஓட்டும் சக்கரங்களை மட்டும்தான், சாதாரணமாகப் பின்சக்கரங்களை. டிரெய்லர் தானாக எதுவும் பிடிப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளிக்கொண்டுதான் இருக்கிறது. மழையிலோ பனியிலோ பின்சக்கரம் வழுக்கினால் டிரெய்லர் பிக்கப்பைக் கத்தரிக்கோல் மாதிரி மடக்கிவிடும். ஈரமான சாலையில் நான் அதை அணைத்துவிட்டு, 30க்கு இறங்கி, டிரெய்லர் பிரேக்கையும் சேர்த்துப் பயன்படுத்துகிறேன். பின்னால் வருபவர்கள் முந்திக்கொண்டு போகட்டும்.

ஜூன் 29

மைலேஜ். தனியாக ஓட்டினால் கேலனுக்கு 19 மைல். டிரெய்லரோடு 63 மைல் வேகத்தில் 11. 70ல் ஓட்டிப் பார்த்தேன், 9 சொச்சம். சமதளத்தில் எடையைவிட முகத்தின் அகலம்தான் டீசலைக் குடிக்கிறது. எட்டரை அடி அகலம், பதினோரு அடி உயரச் சுவரைக் காற்றுக்கு எதிராகத் தள்ளுகிறோம். காற்றைப் பிளக்கும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 63லிருந்து 70க்குப் போக அதற்கு மட்டும் மூன்றில் ஒரு பங்குக்குமேல் கூடுதல் சக்தி வேண்டும்.

ஜூலை 13

வேகத்தைப் பற்றிச் சொன்னதோடு இன்னொன்று. டிரெய்லர் டயர்களில் எஸ்.டி. என்று தொடங்கும் வகை பலவும் 65 மைல் வேகத்துக்கு மட்டுமே செய்யப்பட்டவை. பிக்கப் 80ல்கூடச் சலனமில்லாமல் போகும், பின்னால் இருப்பவற்றின் பாடு நமக்குத் தெரியாது. டயரின் பக்கச் சுவரில் நாலு இலக்க எண் தேடுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பள்ளம் புதிதுபோல் இருந்தாலும் ஐந்தாறு வருடமானால் மாற்றிவிடுங்கள். வெயிலில் நின்றே சாகும் டயர்கள் இவை.

நேற்று கிளம்பும் முன் உள்ளங்கையால் சுற்றித் தடவிப் பார்த்தபோது ஒன்றின் உட்புறச் சுவரில் எலுமிச்சை அளவு புடைப்பு. குனிந்து பார்த்திருந்தால்கூடத் தெரிந்திருக்காது, கைக்குத்தான் தெரிந்தது. மாற்றினேன். சக்கரம் கழற்றி மாட்டினால் 10, 25, 50 மைலில் நிறுத்தி நட்டுகளை டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். பெரியவனுக்கு இந்த வேலை பிடித்துவிட்டது. டக்கென்று சத்தம் வந்ததும் அவனே எண்ணிச் சொல்கிறான்.

ஜூலை 13, இரவு

டிரெய்லரைக் கழற்றும் முன் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை. அதற்கு முன் எதையும் தொடாதீர்கள். இதை ஏன் இவ்வளவு நாள் எழுதவில்லை என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 3

முதலில் கேட்டவர் இன்று ஸ்டிக்கரின் படத்தைப் போட்டிருக்கிறார். நாலு மாதமாக இதற்குத்தான் காத்திருந்தேன். பேலோட் 1,640.

உங்கள் ஐந்து பேரின் எடை 700 என்று எழுதியிருக்கிறீர்கள். ஹிட்ச் 95. பார்த்து வைத்த டிரெய்லர் 9,000, அதில் 13 சதவீதம் 1,170. மொத்தம் 1,965. பிக்கப் தொட்டியில் ஒரு துரும்புகூட வைக்காமலே 325 பவுண்டு அதிகம். கம்பிகள் இறுக்கினாலும் அதில் கொஞ்சம்தான் டிரெய்லருக்குப் போகும். அது வேண்டாம்.

6,500 பவுண்டு டிரெய்லர் என்றால் மூக்கு 845, மொத்தம் சரியாக 1,640. ஒரு பவுண்டுகூட மிச்சமில்லை, அதுவும் வேண்டாம். 5,500 என்றால் மூக்கு 715, மொத்தம் 1,510. கையில் 130 இருக்கும். நான் சொல்லும் எடையெல்லாம் நிரப்பிய எடை. விற்பவர் காட்டும் ஏட்டு எடையைப் பார்க்காதீர்கள். டிரெய்லரின் ஸ்டிக்கரில் இருக்கும் உச்ச எடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் தூங்க 5,500 பவுண்டில் இடம் வராது என்று வீட்டில் சொன்னால், மாற்ற வேண்டியது பிக்கப்பைத்தான். ஒரு டன் வகைக்குப் போங்கள், எஞ்சின் இதேதான் இருக்கும், முதுகு வேறு.

ஆகஸ்ட் 3, பத்து நிமிடம் கழித்து

இரண்டு கட்டில் அடுக்கு உள்ள சின்ன டிரெய்லர் ஒன்று பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள், உச்ச எடை 5,600. நல்ல தேர்வு. மூக்கு 730க்குப் பக்கம் வரும், ஜெனரேட்டரை மட்டும் மறந்துவிடுங்கள். வாங்கி, சாமான் எல்லாம் ஏற்றி, குழந்தைகளையும் உட்காரவைத்து எடைமேடைக்குப் போங்கள். கம்பியோடு ஒன்று, கம்பியில்லாமல் ஒன்று, பிக்கப் தனியாக ஒன்று. மூன்று சீட்டையும் இங்கே போடுங்கள், சேர்ந்து கழித்துப் பார்ப்போம்.